மக்காச்சோளச் சக்கை: ஆலைக்கு முன் ஒரு கூரை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்காச்சோள அறுவடைக் காலம் வந்தாலே, மணி உதிர்த்த சக்கையிலிருந்து எரிபொருள் எடுக்கலாம், இனிப்பூட்டி எடுக்கலாம், பிசின் செய்யலாம் என்ற செய்திகள் நாளிதழ்களின் வேளாண் பக்கங்களில் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஆனால் அவற்றைப் படித்து முடித்துவிட்டுத் தம் களத்தில் கிடக்கும் குவியலைப் பார்க்கும் உழவருக்கு, அதை இப்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. மழை வருவதற்குள் குவியலுக்குத் தீ வைத்துவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த எளிய வழியாகிவிடுகிறது. சக்கையின் வேதியியலைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு அதைக் காயவைப்பதைப் பற்றியும் சேமிப்பதைப் பற்றியும் பேசுவதில்லை என்பதே என் குறை. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஒரு கதிரின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சக்கை. 100 கிலோ மணி கிடைத்தால் 18 முதல் 20 கிலோ வரை சக்கை மிஞ்சும் என்று கணக்கிடலாம். கம்பைன் இயந்திரம் கொண்டு அறுவடை செய்யும் இடங்களில் சக்கை வயலிலேயே சிதறிவிடுகிறது. அதைத் தனியே பொறுக்கி எடுப்பது செலவுக்குக் கட்டுப்படியாகாது. கதிராக ஒடித்து வந்து களத்தில் உதிர்க்கும் இடங்களிலோ, சக்கை தானாகவே ஓரிடத்தில் குவிந்துவிடுகிறது. மண் ஒட்டிய தட்டையைப் போலன்றி அது துப்புரவாகவும் இருக்கிறது. கரும்புச் சக்கைக்கும் நெல் உமிக்கும் தொழிலில் எளிதாக இடம் கிடைத்ததற்குக் காரணம், அவை ஆலை வாசலிலேயே குவிந்தன என்பதுதான். மக்காச்சோளச் சக்கைக்கு அந்த வாய்ப்பில் பாதி உண்டு. களம் வரை அது தானே வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கொண்டுசெல்ல ஆளில்லை.

நன்றாகக் காய்ந்த ஒரு சக்கையைக் குறுக்கே ஒடித்துப் பார்த்தால், அது ஒரே பொருள் அல்ல என்பது விளங்கும். நடுவில் விரலால் அழுத்தினால் அமுங்கும் வெண்மையான நெட்டி. அதைச் சுற்றி, கத்தி எளிதில் இறங்காத கட்டை வளையம். அதற்கு வெளியே மணிகள் அமர்ந்திருந்த குழிகளோடு கூடிய, நகத்தால் சுரண்டினால் உதிரும் செதிள்கள். எடையில் சுமார் 60 விழுக்காடு கட்டை வளையம்தான். நெட்டி 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மீதி பெரும்பாலும் செதிள். கட்டை வளையம் கடினமானது, நீரை அவ்வளவாக ஏற்காது. நெட்டியும் செதிளும் தம் எடையைப் போல நான்கு மடங்கு வரை நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே சக்கை ஓரிடத்தில் தேய்ப்புப் பொடியாகவும் இன்னோரிடத்தில் எண்ணெய் உறிஞ்சியாகவும் பயன்படுவது இதனால்தான். அரைத்து, சலித்து, காற்றில் தூற்றிப் பிரித்துவிட்டால் கையில் இருப்பது இரண்டு வெவ்வேறு சரக்குகள்.

இந்த எளிய பிரிப்பை நம்பி நடக்கும் தொழில்களைப் பற்றி நம் பக்கங்களில் அதிகம் வருவதில்லை என்பது எனக்கு வியப்பே. கட்டை வளையத்தை அரைத்துக் குருணையாக்கினால், மணலைப் போல உலோகத்தைக் கீறாமல், எண்ணெய்ப் பிசுக்கையும் கரியையும் மட்டும் எடுத்துவிடும் பொடி கிடைக்கிறது. அமெரிக்க வேளாண் துறை இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் நடத்திய ஆய்வகத்தில் 1940களில் இதை முறைப்படுத்தினார்கள். சக்கைக் குருணையையும் நெல் உமியையும் காற்றழுத்தத்தில் பீய்ச்சி விமான இயந்திரப் பாகங்களைத் துப்புரவு செய்யும் வழக்கம் அங்கிருந்து பரவியது. இன்றும் மரச் சுவர்களின் பழைய வண்ணத்தை உரித்தெடுக்கவும், பித்தளைப் பொருள்களையும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களையும் உருளைகளில் இட்டு மெருகேற்றவும் இதே குருணைதான் பயன்படுகிறது. பூச்சிக்கொல்லியைக் குருணையாகத் தூவும்போது மருந்தைத் தாங்கி நிற்கும் பொருளாகவும் சக்கைப் பொடி இருக்கிறது. கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு என்ற சத்துப் பொருள் 60 விழுக்காட்டுப் பொடியாக விற்கப்படுவதைத் தீவனத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்; அந்தப் பொடியின் மீதிப் பங்கு பெரும்பாலும் அரைத்த மக்காச்சோளச் சக்கைதான். இவை எதற்கும் அமிலமோ உயரழுத்தக் கொதிகலனோ வேண்டியதில்லை. அரவை இயந்திரமும் சல்லடையும் உலர்ந்த சரக்கும் இருந்தால் போதும்.

உலர்ந்த சரக்கு என்று எளிதாக எழுதிவிட்டேன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கதிர் முற்றும்போது மணி முந்திக் காய்கிறது, சக்கை பிந்திக் காய்கிறது. மணியில் 20 விழுக்காடு ஈரம் இருக்கும் நிலையில் சக்கையில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும். மணியைக் கடித்துப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று முடிவு செய்பவர், அதே நாளில் உதிர்த்த சக்கையையும் காய்ந்ததாகவே எண்ணிக் குவித்துவிடுகிறார். மேலே தொட்டால் சலசலக்கும் அந்தக் குவியலுக்குள் சில நாள்கள் கழித்துக் கையை நுழைத்தால் வெதுவெதுப்புத் தெரியும். கிளறினால் புழுங்கிய வாடையோடு, செதிள்களின் அடியில் சாம்பல் பச்சை நிறத்தில் பூசணம் படர்ந்திருப்பதைக் காணலாம். அதன் பிறகு அந்தச் சரக்கு தீவனத்துக்கும் ஆகாது, கோழிக் கொட்டகைக்கும் ஆகாது, குருணைக்கும் ஆகாது. அடுப்புக்கு வேண்டுமானால் போகும், அதுவும் அரை வெப்பத்தோடு.

தீவனத்தை எடுத்துக்கொள்வோம். சக்கையில் புரதம் 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, மற்றதெல்லாம் நார். எனவே அது அசைபோடும் கால்நடைகளுக்கு மட்டுமே உரியது. பன்றிக்கும் கோழிக்கும் வயிற்றை நிரப்புமே தவிர வளர்ச்சிக்கு உதவாது. மாட்டுக்கும் முழுச் சக்கையைப் போடக் கூடாது. அரைத்துப் போட வேண்டும். மணியோடு சேர்த்துக் கதிரை அப்படியே அரைத்துக் கொடுப்பது பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம்; மணி மாவை மட்டும் கொடுத்தால் ஏற்படும் வயிற்றுப் புளிப்பை அந்த நார் ஓரளவு தணிக்கிறது. தனிச் சக்கையின் தரத்தை உயர்த்த, வைக்கோலுக்குச் செய்வதுபோல யூரியா பதப்படுத்தலைச் செய்யலாம்: உலர்ந்து நொறுக்கிய சக்கை 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்து, பிறகு கார நெடி போகும்வரை ஆறவிட்டுச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். இதைச் செய்ய நினைப்பவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. கரையாத யூரியாக் கட்டி ஒன்று மாட்டின் வயிற்றுக்குள் போனாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். இளங்கன்றுகளுக்கு இந்தத் தீவனம் அறவே கூடாது.

பூசணம் பிடித்த சக்கையை ‘மாடுதானே’ என்று அரைத்துப் போட்டுவிடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சில பூசண வகைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு, மாட்டின் கல்லீரலைப் பாதிப்பதோடு நிற்பதில்லை. மாட்டின் உடலில் அது சற்றே உருமாறிப் பாலில் இறங்குகிறது; பாலைக் காய்ச்சுவதால் அது போவதில்லை. காசில்லாமல் கிடைத்த தீவனம் என்று மகிழ்வதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோழிக் கொட்டகையில் தரையில் பரப்பவும், கால்நடைக்குப் படுக்கையாக இடவும் நொறுக்கிய சக்கை நல்ல பொருள். ஈரத்தை வாங்கிக்கொள்ளும், மரத்தூளைப் போலப் பறக்காது, பயன்பட்ட பின் எருக்குழிக்குப் போகும். ஆய்வகங்களில் எலிகளுக்கு இடும் படுக்கையாகவும் இது உலகெங்கும் பயன்படுகிறது. அதிலும் ஒரு கதை உண்டு: சக்கைப் படுக்கையில் உள்ள சில சேர்மங்கள் எலிகளின் இனப்பெருக்க நடத்தையையும் சுழற்சியையும் குலைக்கின்றன என்று அமெரிக்காவின் பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்து எழுதினார்கள். ஹார்மோன் ஆய்வு செய்பவர்கள் அதன் பிறகு படுக்கைப் பொருளையும் கவனித்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினர். வெறும் சக்கை என்று நாம் ஒதுக்கும் பொருள் ஓர் ஆய்வின் முடிவையே மாற்றக்கூடியது என்பது கவனிக்கத்தக்கது.

காளான் வளர்ப்பைப் பற்றி நான் விரிவாக எழுதப் போவதில்லை. அதை அறிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். சிப்பிக்காளானுக்கு நொறுக்கிய சக்கை வைக்கோலுக்கு இணையான ஊடகம் என்பதும், துண்டுகளுக்கு இடையே காற்று நிற்பதால் காளான் இழை தடையின்றி ஓடுகிறது என்பதும், தழைச்சத்துக் குறைவை ஈடுகட்டச் சிறிது தவிடு சேர்ப்பது வழக்கம் என்பதும் போதும். காளான் எடுத்த பின் மிஞ்சுவது, முன்னைவிட எளிதில் மக்கக்கூடிய உரப் பொருளாகிவிடுகிறது.

எரிபொருளாகச் சக்கையை மதிப்பிடும்போது அதன் நல்ல குணத்தையும் கெட்ட குணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலர்ந்த சக்கை கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் தருகிறது; இது விறகுக்கு நிகர். நெல் உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிச் சாம்பலாகவே மிஞ்சும் என்றால், இதில் சாம்பல் 1 முதல் 3 விழுக்காடுதான். ஆனால் அந்தச் சிறிதளவு சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அது குறைந்த வெப்பத்திலேயே உருகி, அடுப்புத் தட்டின் கம்பிகளில் கிட்டமாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கிறது. கொதிகலன் குழாய்களிலும் ஒட்டிக்கொள்கிறது. விறகு போட்ட உலையில் அப்படியே சக்கையை மாற்றிப் போட்டுவிட்டு உலையைக் குறை சொல்பவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள். கட்டுப்படுத்திய காற்றில் வாயுவாக்கி எரிப்பதற்குச் சக்கையின் அளவும் வடிவமும் இயல்பாகவே பொருந்துகின்றன. விதை மக்காச்சோள நிறுவனங்கள் கதிரைக் கதிராகவே உலர்த்திவிட்டுப் பிறகு உதிர்க்கின்றன. அவற்றில் சில, உதிர்ந்த சக்கையையே அடுத்த தொகுதிக் கதிரை உலர்த்தும் வெப்பத்துக்குப் பயன்படுத்துகின்றன. எனக்குத் தெரிந்து சக்கையின் பயன்களில் மிகவும் அறிவார்ந்தது இதுதான். சக்கை ஓரடி தூரம்கூடப் பயணம் போவதில்லை. அது உலர்ந்தே பிறக்கிறது. அதை வாங்குபவரும் விற்பவரும் ஒருவரே.

இனி ஆலைக்கு வருவோம். சக்கையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி சைலான் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. நீர்த்த அமிலமும் சூடான நீராவியும் கொண்டு அதை உடைத்தால் சைலோஸ் என்ற சர்க்கரை கிடைக்கும். அந்தச் சர்க்கரையோடு நிக்கல் ஊக்கியின் துணையால் ஹைட்ரஜனைச் சேர்த்தால், பல்லுக்குத் தீங்கு செய்யாத இனிப்பான சைலிட்டால். இன்னும் கடுமையான வெப்பத்தில் அதே சர்க்கரையிலிருந்து நீரைப் பிரித்துவிட்டால் ஃபர்ஃபுரால் என்ற எண்ணெய் போன்ற திரவம். மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கவும், வார்ப்பட ஆலைகளில் அச்சு மணலைப் பிணைக்கும் பிசின் செய்யவும் அது வேண்டியிருக்கிறது. இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1922இலேயே ஓட்ஸ் உமியிலிருந்து வணிக அளவில் ஃபர்ஃபுரால் எடுக்கத் தொடங்கியது. பின்னர் மக்காச்சோளச் சக்கையும் அந்தத் தொழிலுக்கு மூலப்பொருளானது. இன்று இந்த இரு பொருள்களிலும் முன்னணியில் இருக்கும் சீன ஆலைகள் பெரிதும் சக்கையையே நம்பி இயங்குகின்றன. ஆனால் ஒரு டன் ஃபர்ஃபுராலுக்கு ஏறத்தாழ 10 டன் சக்கை வேண்டும் என்பதையும், மிஞ்சும் அமிலக் கழிவை முறையாகக் கையாள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமை பெறும்.

எத்தனாலின் அண்மை வரலாறு இன்னும் தெளிவான பாடம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் எம்மட்ஸ்பர்க் ஊரில் போயட்–டிஎஸ்எம் கூட்டு நிறுவனம் 2014 செப்டம்பரில் ஓர் ஆலையைத் திறந்தது. நாளொன்றுக்கு 770 டன் சக்கை, தட்டை, தோகைகளைக் கொண்டு ஆண்டுக்கு 2 கோடி காலன் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். டூபாண்ட் நிறுவனம் அதே மாநிலத்தின் நெவாடா ஊரில் 2015இல் தன் ஆலையைத் திறந்தது. டூபாண்ட் 2017இல் அந்தத் தொழிலிலிருந்தே விலகியது. எம்மட்ஸ்பர்க் ஆலை 2019இல் உற்பத்தியை நிறுத்தியது. அரசுக் கொள்கை துணை நிற்கவில்லை என்பது எம்மட்ஸ்பர்க் ஆலையை நடத்தியவர்கள் சொன்ன காரணம். அதை முற்றிலும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஆலை தொடக்க ஆண்டுகளில் பட்ட பாடு, நாரைச் சர்க்கரையாக்கும் நொதிகளாலோ அதை எத்தனாலாக்கும் ஈஸ்ட்டாலோ வந்ததைவிட, வயலிலிருந்து வந்த பொருளை நொறுக்கி வேகவைத்துப் பதப்படுத்தும் முதல் கட்டத்தில் வந்ததே மிகுதி. சோதனைச் சாலையில் கைப்பிடி அளவு சக்கையை அரைத்துக் காட்டுவது வேறு. காற்றிலும் மழையிலும் கிடந்து மண்ணும் கல்லும் கலந்து வரும் நூற்றுக்கணக்கான டன்களை ஒவ்வொரு நாளும் விழுங்குவது வேறு.

இதில் எடையைவிடக் கன அளவுதான் பெரும் எதிரி. தளர்வாகக் கொட்டிய சக்கை ஒரு கன மீட்டருக்கு 200 கிலோவை ஒட்டியே நிற்கும். 30 கன மீட்டர் கொள்ளும் லாரியில் மட்டமாக நிரப்பினால் 6 டன்தான் தேறும்; லாரி நிறைந்திருக்கும், எடை நிறைந்திருக்காது. மேலே சொன்ன அளவில் ஓர் ஆலைக்குச் சக்கை மட்டுமே போவதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 128 லாரிகள் வர வேண்டும், அதுவும் ஆண்டு முழுவதும். வில்லைகளாக அழுத்தினால் கன அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்தான். ஆனால் அழுத்துவதற்கும் முதலில் காய்ந்திருக்க வேண்டும்.

சக்கையை எல்லாம் எடுத்துவிட்டால் மண் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். தட்டையையும் தோகையையும் அடியோடு வாரிக்கொண்டு போவதை நானும் ஏற்கமாட்டேன். மண்ணை மூடி அரிப்பைத் தடுப்பவை அவைதான். சக்கையின் நிலை வேறு. ஒரு டன் சக்கையில் சுமார் 4 கிலோ தழைச்சத்தும் 8 கிலோவை ஒட்டிய சாம்பல் சத்தும்தான் வயலை விட்டு வெளியேறுகின்றன. மணிச்சத்து மிகச் சொற்பம். எரித்த சாம்பலை வயலுக்கே திருப்பினால் சாம்பல் சத்தின் பெரும்பங்கு மீண்டுவிடும். சக்கையை அப்படியே உழுது புதைப்பதால் உடனடி நன்மையும் இல்லை. கரிமம் மிகுந்து தழைச்சத்துக் குறைந்த பொருள் என்பதால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அடுத்த பயிருக்குரிய தழைச்சத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும். குறைந்த காற்றில் சுட்டுக் கரியாக்கி, எருவோடு ஊறவைத்து இடுவது அதைவிட மேல்.

ஆகவே ஆலை வரும் வரை காத்திருக்க வேண்டாம், கூரையிலிருந்து தொடங்குங்கள் என்பதே வேளாண் துறையினருக்கும் உழவர் கூட்டமைப்புகளுக்கும் என் வேண்டுகோள். பெரிய கட்டடம் தேவையில்லை. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திய பலகைத் தளம், நாற்புறமும் கம்பி வலை, மேலே ஒழுகாத கூரை. காற்று குறுக்கே பாயும்படி அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டிய அமைப்பு. உதிர்க்கும் இயந்திரத்தின் வாயிலிருந்தே சக்கை அதற்குள் விழும்படியான இடத் தேர்வு. பல உழவர்கள் சேர்ந்து ஓர் அரவை இயந்திரத்தையும் இரண்டு சல்லடைகளையும் வைத்துக்கொண்டால், காளான் வளர்ப்பவருக்கு ஓர் அளவு, கோழிப் பண்ணைக்கு ஓர் அளவு, மெருகேற்றும் பட்டறைக்கு ஓர் அளவு என்று பிரித்துக் கொடுக்க முடியும். எதற்கும் ஆகாதது உலர்த்தும் அடுப்புக்குப் போகட்டும். ஈரம் 15 விழுக்காட்டை ஒட்டி இறங்கிய சரக்கைக் குவித்து வைத்திருக்கும் ஊருக்கு ஆலைக்காரர்கள் தாமாகவே வருவார்கள் என்று நான் நம்புகிறேன், வராவிட்டாலும் நட்டமில்லை.

தங்கள் செய்தியாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சக்கையிலிருந்து இன்னதைத் தயாரிக்கும் ஆலை வரப்போகிறது என்று யாரேனும் அறிவிக்கும்போது, எத்தனை லிட்டர், எத்தனை டன் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கான சக்கை யாருடைய இடத்தில், யாருடைய செலவில், எந்தக் கூரையின் கீழ் இருக்கும் என்றும், மழையில் நனைந்தால் அந்த இழப்பு யாரைச் சேரும் என்றும் கேட்டு, அவர்கள் சொல்லும் விடையையும் செய்தியோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தானிய உலர்த்தும் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்